ஒரு வண்டிக்கு இரண்டு குழாயா?

மொன்டானா மலையிலிருந்து இறங்கி அரிசோனா பாலைவனம் வந்து சேரும்வரை, வழிநெடுக ஆர்டித் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ‘சரி.’ அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் நின்றபோது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மலைச் சரிவில் லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்து உயிரை வாங்கியபோது அவனிடமே உரக்கச் சொன்னாள். அறுபத்தாறு வயதில் ‘சரி’ என்று சொல்ல இத்தனை ஒத்திகையா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. கொஞ்சம் கெத்தாகச் சொல்வதா, கொஞ்சம் குழைந்து சொல்வதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவன் பெயர் வெர்லின். நெப்ராஸ்காவில் டிராக்டர் பழுது பார்த்துக் காலம் தள்ளியவன். மனைவியைப் பறிகொடுத்தவன். காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியில்லை. குளிர்காலம் வந்தால் தன் பெரிய வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு அரிசோனாவில் இருக்கும் டஸ்டி ஸ்பர் முகாமுக்கு வந்துவிடுவான். ஆர்டித்தும் தன் சின்ன டிரெய்லரை இழுத்துக்கொண்டு அங்கேதான் வருவாள். காலைக் காபி அவன் வண்டி வாசலில், ராத்திரிச் சாப்பாடு அவள் டிரெய்லரில் என்று நாலைந்து குளிர்காலம் ஓடிவிட்டது. முகாமில் இருந்த கிழங்கள் அத்தனைக்கும் விஷயம் தெரியும். இவர்கள் இரண்டு பேர்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மார்ச்சில், முகாம்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் கடைசி விருந்தில், பீன்ஸ் குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டே வெர்லின் கேட்டுவிட்டான்.

“அம்மணி, உன் தகரப் பொட்டிய வித்துப்போட்டு என் வண்டிக்கே வந்துடேன். ரெண்டு பேரும் ஒண்ணா ஊர் சுத்தலாம். கல்யாணம் வேணும்னாலும் பண்ணிக்கலாம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

எந்த ஆணும் இப்படிப் பீன்ஸை ஊற்றிக்கொண்டு கேட்கக் கூடாது. அதை விடுங்கள். ஆர்டித்துக்கு முகம் சிவந்தது, அப்புறம் வாயில் வந்தது இதுதான்:

“உன் வண்டியில என் குழாய எங்க வைக்கிறது?”

அவள் சொன்னது கழிவறைத் தொட்டியைக் காலி பண்ணும் ஹோஸ் பைப்பை. வண்டிவீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். கூடவே குழாயைத் தொட்டியோடு இணைக்கும் எல்போ, வாஷர், கையுறை என்று அதன் பரிவாரம். ஆர்டித்துக்கு அது வெறும் குழாய் இல்லை. முதல் புருஷன் கேரியோடு வண்டிவீட்டில் இருந்தவரை அவன் அந்த வேலை எதையும் அவளைத் தொடவிட்டதில்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். குழாய் இருந்த அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தான். “உனக்கு இதெல்லாம் வராதுடி” என்பான். ‘விட்டுட்டுப் போறேன்’ என்று அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், “போயேன், தொட்டி ரொம்பினா என்ன பண்ணுவ?” என்று கேட்டுச் சிரிப்பான். கல்யாண வாழ்க்கை பூராவும் ஒரு பெண்ணைக் கழிவுத் தொட்டியைக் காட்டிப் பயமுறுத்தியே கட்டிப்போட்ட ஆள் அவன். ஒருநாள் துணிந்து கிளம்பி, பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, முதல்முதலாகக் காலி பண்ணப் போன இடத்தில் எல்போ கழன்று முழங்கால்வரை அபிஷேகம் ஆயிற்று. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்று, கேரியை நினைத்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

தனியாக வண்டியோட்டும் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவளுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது டயர் மாற்றுவதை இல்லை, இதைத்தான்: ‘படுக்கிற வண்டி எவனோடதா வேணா இருக்கட்டும். கழிவுக் குழாய் உன்னோடதா இருக்கணும், அதுக்குன்னு தனி இடம் இருக்கணும்.’ தன் தொட்டியைத் தானே காலி பண்ணத் தெரிந்தவள் எந்த நேரமும் கிளம்பலாம், கிளம்ப முடிகிறவள்தான் மனசோடு தங்குவாள் என்பது அவர்கள் கணக்கு. ஆர்டித் அதைத் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக ஏற்றுக்கொண்டவள்.

வெர்லினுக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். அவன் கரண்டியை ஆட்டிக்கொண்டு, பந்தல் பூராவும் கேட்கிற மாதிரி சொன்னான்:

“ஒரு வண்டிக்கு ரெண்டு குழாயா? நமக்கு இருக்கப்போறது ஒரே கக்கூஸ்தானே அம்மணி!”

பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான். காது மந்தமானவர்கள் சிரிக்கும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வரும், அதில் தப்பில்லை. ஆனால் ஆர்டித்துக்கு அந்தக் கூட்டத்தில் கேட்டது கேரியின் சிரிப்பு. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரெய்லர் வாசலில் வந்து நின்றான். “தமாஷா சொன்னேன். என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன்ல?” என்றான். என்ன தப்பு என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானாகப் புரியாவிட்டால் புரிந்து என்ன பிரயோஜனம் என்று ஒரு வீம்பு. 

“நான் யோசிக்கணும். நவம்பர்ல வந்து என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் போன் பண்ணாதே. ஒரு தடவகூட. பண்ணினா நான் வேண்டாம்னு சொல்றதா அர்த்தம் பண்ணிக்கோ.”

“நவம்பர் வரைக்குமா?”

“நவம்பர் வரைக்கும்.”

“சரி அம்மணி. சொன்னா சொன்னதுதான்” என்றான் வெர்லின்.

அந்தக் கோடையில் அவள் மொன்டானாவில் ஒரு காட்டு முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கி வந்து, மளிகைக்கடை வாசலில் நின்று போனை எடுத்துப் பார்ப்பாள். வெர்லின் கூப்பிட்டதாக எதுவும் இருக்காது. முதல் மாதம் ‘ரோஷக்காரன்’ என்று கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய், ஒருவிதப் பெருமை வந்தது. கேரியாக இருந்தால் அரைமணிக்கு ஒருதரம் கூப்பிட்டு உயிரை எடுத்திருப்பான். இவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். ஒரு பெண் ‘பேசாதே’ என்றால் பேசாமல் இருக்கத் தெரிந்த ஆண் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆகஸ்டிலும் போன் வரவில்லை, செப்டம்பரிலும் வரவில்லை. செப்டம்பர் கடைசியில், காலியான போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மளிகைக்கடை வாசலில் வைத்து அவள் முடிவு பண்ணினாள். குழாய் எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும். இந்த மனுஷனோடு போவேன்.

நவம்பரில் அவள் டஸ்டி ஸ்பருக்குள் நுழைந்தபோது மத்தியானம். ஆபீஸ் வாசலில் நிறுத்திப் பதிவு பண்ண வேண்டும் என்பது முறை. ஆர்டித் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாக மேனேஜர் லூப்பே கையைக் காட்டியதைப் பார்த்தாள். ‘அப்புறம் வர்றேன்’ என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு நேராகக் கடைசி வரிசைக்கு ஓட்டினாள். லூப்பே வெளியே ஓடிவந்து ஏதோ கத்தியது டிரெய்லர் சத்தத்தில் கேட்கவில்லை.

வெர்லினின் வண்டி அதே இடத்தில், அதே மெஸ்கீட் மரத்தடியில் நின்றது. பக்கவாட்டில் ஓடும் காப்பிக்கலர்ப் பட்டையைப் பார்த்ததும் அவள் எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியைத் திருப்பி முடியைக் கோதிக்கொண்டாள். மலையில் தானே பறித்துக் காய்ச்சிய ஹக்கிள்பெர்ரி ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவள் ஒரு பெண். ஐம்பத்தைந்து இருக்கலாம். ஈரத் தலையில் துண்டு, காலில் பஞ்சுச் செருப்பு. சொந்த வீட்டில் இருப்பவள் மாதிரி நின்றாள்.

“சொல்லுங்க?” என்றாள் சிரித்துக்கொண்டே.

ஆர்டித்துக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. அட படுபாவி! ஒரு கோடைக்காலம் பொறுக்க முடியவில்லையா உனக்கு? போன் பண்ணாமல் இருந்ததன் லட்சணம் இதுதானா? நான் அங்கே மளிகைக்கடை வாசலில் நின்று உன்னை மெச்சிக்கொண்டிருக்க, நீ இங்கே துண்டு கட்டின ஒருத்தியைக் குடிவைத்திருக்கிறாய்!

“வெர்லின் இருக்கானா?” என்று கேட்டாள். குரலில் இருந்த சூட்டுக்கு அந்தப் பெண் ஒரு அடி பின்வாங்கினாள்.

“வெர்லினா... ஐயோ. நீங்க அவருக்குத் தெரிஞ்சவங்களா? ராஸ்! ராஸ், இங்க கொஞ்சம் வாயேன்!”

உள்ளேயிருந்து சாக்ஸ் போட்ட காலோடு ஒரு ஆள் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் புருஷன்தான் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆர்டித்துக்கு ஒரு நொடி பெரிய நிம்மதி. அந்த ஒரு நொடியை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

“இந்த வண்டிய நாங்க வாங்கிட்டோம் மேடம்” என்றான் ராஸ். “செப்டம்பர்ல. அவரோட பொண்ணுகிட்டேயிருந்து. பெரியவர் ஆகஸ்ட்லயே தவறிட்டாருன்னு சொன்னாங்க. ஹார்ட்டு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்? ஆர்டித் ஜாம் பாட்டிலைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். “இது உங்களுக்கு” என்றாள். அந்தப் பெண் “தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று புரியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். 

லூப்பே கோல்ஃப் வண்டியில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். 

“கண்ணு, நிறுத்துன்னு அவ்வளவு கத்தினேனே! நான் சொல்லணும்னுதான்...”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“இவங்க இடம் கேட்டு எழுதினப்பதான் எனக்கே தெரியும். உன் நம்பருக்கு ரெண்டு தடவ அடிச்சேன், மணியே போகல. மெசேஜ் வச்சுச் சொல்ற விஷயமா இது? எனக்கு மனசு வரல கண்ணு. நேர்ல வந்தா கட்டிப்பிடிச்சுச் சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

லூப்பே கட்டிப்பிடித்தாள். ஆர்டித் மரம் மாதிரி நின்றாள். ஆகஸ்ட். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அவள் எந்த மௌனத்தை மெச்சிக்கொண்டிருந்தாள்? சொன்ன சொல் காப்பாற்றுகிறான் என்று காலியான போனைப் பார்த்துச் சிரித்தாளே, அப்போது அவன் மண்ணுக்குள் போயாகிவிட்டது.  லூப்பே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கோல்ஃப் வண்டியில் உட்காரவைத்தாள்.

அவன் சாவுக்கு அவள் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவள் அவனுக்கு யார் என்று அவன் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. மனைவி இல்லை. மனைவியாகப்போகிறவளும் இல்லை, அதற்கான பதிலை இவள்தான் கையோடு மலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாளே.

இரண்டு நாள் அவள் டிரெய்லரை விட்டு இறங்கவில்லை. லூப்பே கொண்டுவந்து வைத்த டமாலிக் கொழுக்கட்டை வாசல்படியில் காய்ந்தது. மூன்றாம் நாள் தொட்டி நிரம்பிவிட்டது. துக்கம் பெரிசுதான், தொட்டிக்கு அது தெரியாது. கையுறையை மாட்டிக்கொண்டு, பின் பம்பரின் சதுரக் குழலிலிருந்து தன் ஹோஸை உருவினாள். வழக்கம்போல ஒரு பக்கத்து ரப்பர் மூடி வழியில் எங்கேயோ விழுந்திருந்தது. உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைக் குச்சியால் தட்டிவிட்டு, எல்போவை மாட்டி, வால்வைத் திறந்து, ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குந்தியிருந்து அழுதாள். இதைவிடக் கேவலமான இடத்தில் யாராவது அழுதிருப்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொன்னால் ரசித்துச் சிரிக்கக்கூடியவன் ஒருத்தன்தான், அவனும் இல்லை.

அலசி, நீரை வடித்து, ஹோஸைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது ராஸ் வந்து தயங்கி நின்றான்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். உங்களுக்கு இதெல்லாம் நல்லா பழக்கம்னு லூப்பே சொன்னாங்க. எங்க வண்டியில ஒரு சமாச்சாரம் எனக்குப் புரியல. ஒரு நிமிஷம் வந்து பாக்க முடியுமா? கோரீன் வேண்டாம்னுதான் சொன்னா, துக்கத்துல இருக்கறவங்கள தொல்லை பண்ணாதேன்னு. ஆனா ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கறேன்.”

மாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லாமல்தான் அவள் போனாள். ஹோஸும் எல்போவும் கையிலேயே இருந்தன.

ஹோஸைச் செருகி வைக்கும் வெர்லினுடைய பழைய குழாய்க்கூடு அவளுக்குத் தெரியும். வண்டிக்கு அடியில், அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டின நீளமான வடிகால் பைப். எடுக்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்துதான் எடுக்க வேண்டும். “இதுல எங்க ஹோஸ் நல்லா போகுது” என்றான் ராஸ். “இதோ இதுதான் என்னன்னு தெரியல.”

பக்கவாட்டு அறையின் கதவைத் தூக்கினான். முன்பு வெர்லின் மடக்கு நாற்காலிகளை அடைத்து வைத்திருந்த அறை அது. இப்போது அதில் நாற்காலி இல்லை. உள்ளே கூடான வெள்ளைப் பிளாஸ்டிக் வேலிக்கம்பம் ஒன்றை அளவாக அறுத்து, லேசான சாய்வில், ஈரம் தானாக வடிகிற மாதிரி படுக்கவைத்திருந்தது.

“இதுவும் குழாய்க்கூடுதான், அது புரியுது. ஆனா ஏன் ரெண்டு? எங்க ஹோஸ் இதுல பாதிகூடப் போகல, அவ்வளவு குட்டை. பொருத்தின இடத்தப் பாருங்க, இவ்வளவு உயரத்துல யாராவது வைப்பாங்களா? நாற்காலி வைக்கிற இடமெல்லாம் வீணாப்போச்சு. அதுவும் ஒரு தடவகூட உபயோகிக்கல மேடம். மோந்துகூடப் பாத்துட்டேன், புத்தம்புதுசு. பெரியவருக்குக் கடைசியில கொஞ்சம்...” என்று தலையைத் தொட்டுக் காட்டினான்.

ஆர்டித் கிட்டே போனாள். முட்டிவலிக்காரி அவள். குனியாமல், குந்தாமல், நின்றபடியே கை எட்டியது. மூடி ஒரு கீலில் ஆடியது, தொலைந்துபோகாமல் இருக்கச் சின்னச் சங்கிலி வேறு. காற்றுக்காகப் போட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் குளவி நுழையாதபடி கம்பிவலை வைத்து அடைத்திருந்தது. அவள் இத்தனை குளிர்காலமாக அவன் காதுபடப் புலம்பிய ஒவ்வொரு புலம்பலுக்கும் அங்கே ஒரு பதில் இருந்தது. மந்தக் காது என்று அவள் நினைத்திருந்த காது.

பக்கத்தில் மரத்தில் குடைந்த ஒரு சின்னத் தாங்கி. “இதுல எங்க எல்போ உக்காரவே மாட்டேங்குது” என்றான் ராஸ்.

அவள் தன் எல்போவை வைத்தாள். அது பழைய மாடல், இப்போது கடையில் கிடைக்காத அகலமான கழுத்து. அங்கே சரியாக உட்கார்ந்தது. அப்புறம், யாரும் சொல்லாமல், தன் ஹோஸைக் கூட்டுக்குள் தள்ளினாள். கடைசிவரை போய் நின்றது. மூடியைச் சாத்தினாள்.

ராஸ் மூடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

“பெரியவருக்குத் தலையில ஏதோன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க” என்றான்.

கோரீன் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். விஷயத்தைப் புருஷன் வாயால் கேட்டதும், “கழட்டிக் கொடுத்துடு ராஸ், அவங்க எடுத்துட்டுப் போகட்டும்” என்றாள். ஆர்டித் வேண்டாமென்று தலையாட்டினாள். அவளுடைய சின்ன டிரெய்லரில் அதைப் பொருத்த இடம் இல்லை, அது அந்த வண்டிக்கென்றே அறுத்தது. ஹோஸைத் திரும்ப உருவி எடுத்துக்கொண்டாள். உருவுவதுதான் கஷ்டமாக இருந்தது.

“அவரோட பொண்ணு நம்பர் எங்கிட்ட இருக்கு” என்றாள் கோரீன். “ஜனெல். தங்கமான பொண்ணு. பேசணும்னா பேசுங்க.”

அன்று சாயங்காலமே பேசினாள். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல்தான் பேசினாள்.

“என் பேரு ஆர்டித். உங்களுக்கு என்னைத் தெரியாது. அரிசோனாவுல, உங்கப்பா இருந்த முகாம்ல...”

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அம்மணியா? அம்மணிங்கறது நீங்கதானா?”

“ஆமா. அப்படித்தான் கூப்பிடுவான்.”

“உங்களைத் தேடாத எடமில்ல. அப்பா உங்க பேரையே சொன்னதில்ல, அம்மணி அம்மணின்னுதான் சொல்வாரு. போன்ல பேரு போட்டு வச்சுக்கவும் தெரியாது அவருக்கு, எல்லாம் வெறும் நம்பரு. எது உங்களுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜூலை பூரா கொட்டகையில உக்காந்து ஒரு குழாய்க்கூடு செஞ்சாரு. என்னப்பா ஒரு வண்டிக்கு ரெண்டுன்னு நானும் கேலி பண்ணினேன். ‘நீயும் சிரிக்காதே, நான் சிரிச்சதே போதும். எடம் பண்ணி வச்சுட்டுல்ல கேட்டிருக்கணும்’னாரு.”

ஆர்டித் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் ஜனெல். “சொல்லலாமான்னு தெரியல. அப்பா உடனே போகல. ஆஸ்பத்திரியில சில நாள் நல்ல நெனவோட இருந்தாரு, பேசிட்டுத்தான் இருந்தாரு. பொழைக்கறது கஷ்டம்னு அவருக்கே தெரியும். நான் கேட்டேன், நம்பரச் சொல்லுப்பா, அவங்களுக்குப் போன் போட்டுத் தர்றேன், ஒரு வார்த்த பேசுன்னு. உங்க நம்பர் அவருக்கு மனப்பாடம். போன கையில வாங்கினாரு. வாங்கிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாரு.”

“ஏன்?”

“‘நவம்பர் வரைக்கும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. கூப்பிட்டா வேண்டாம்னு அர்த்தம்னு சொல்லியிருக்கா. வேண்டாம்னு ஆயிடுமே’ன்னாரு.”

வெளியே யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள், வழிகாட்டுகிறவர் ‘வரலாம், வரலாம்’ என்று கத்திக்கொண்டிருந்தார். ஆர்டித் டிரெய்லரின் சின்ன மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தப்பா நெனக்காதீங்க” என்றாள் ஜனெல். “நவம்பர்ல வந்து அவர்கிட்ட என்ன சொல்றதா இருந்தீங்க?”

மொன்டானாவிலிருந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை. கெத்தாகவும் வரவில்லை, குழைந்தும் வரவில்லை. 

“சரின்னு” என்றாள் ஆர்டித். “சரின்னு சொல்லத்தான் வந்தேன்.”

அந்தப் பக்கம் போனை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய், வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. ஆர்டித் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்தப் பெண் திரும்பி வரும்வரை காத்திருந்தாள்.